கட்சி இல்லாத தேர்தலில் ஜெயித்தவனுக்கு

அன்புள்ள இளங்கோ,

நீ ஜெயித்த செய்தியை மருமகள் மீனாதான் முதலில் சொன்னாள். மறுநாள் நீ கூப்பிட்டாய். பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் பதவி ஏற்கிற அன்று போட்டுக் காட்ட, நான் பேசி ஒரு வீடியோ அனுப்ப வேண்டும் என்றாய். "வயல்ல நடவு நட்ட பொண்ணு ஊராட்சித் தலைவரா ஆன கதைம்மா. அதைச் சொன்னாப் போதும். இங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுவாங்க" என்றாய். நானும் சரி என்றேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு, போனை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அணைத்துவிட்டேன். வீடியோ வராது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். வாழ்த்தை எதிர்பார்த்துப் பிரித்திருந்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. முழுவதும் படிக்கிற அளவுக்கு உன்னிடம் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்பது எனக்கே சந்தேகம்தான்.

அதே போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். நான் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய். உன்னை எதிர்த்து நின்ற பக்கத்து வீட்டு மார்கரெட் பாதியில் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டது எப்படி என்று. அவளுடைய மகன் போதைப் பழக்கத்தால் ஜெயிலுக்குப் போனவன் என்று உன் கட்சி ஆட்கள் துருவிக் கண்டுபிடித்தார்களாம். அவன் படத்தைப் போட்டு, 'தன் பிள்ளையை வளர்க்கத் தெரியாதவரிடம் உங்கள் பிள்ளைகளை ஒப்படைப்பீர்களா?' என்று அட்டை அடித்து வீடு வீடாகத் தபாலில் அனுப்பினார்களாம். "அந்த வாசகம் யாரு எழுதினதுன்னு நெனைக்கிறே? உன் புள்ளதாம்மா" என்றாய். சிரித்தாய்.

இளங்கோ, யாரும் எதையும் துருவிக் கண்டுபிடிக்கவில்லை. உன் இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான் அங்கே ஆறு மாதம் இருந்தேன், மறந்துவிட்டாயா? மீனா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் உன் பெரிய பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, சோறு ஊட்டி, இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள் மார்கரெட். ஒரு மத்தியானம் அவள் உன் சமையலறையில் உட்கார்ந்து தன் மகனைப் பற்றிச் சொல்லி அழுதாள். எனக்குப் பாஷை புரியவில்லை. அழுகை புரிந்தது. என்ன விஷயம் என்று நான் கேட்டபோது, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு எனக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னவன் நீ. அவள் போனதும், "பாவம்மா, இதை யார்கிட்டேயும் சொன்னதில்லையாம்" என்றாய். அட்டையில் எழுதியிருந்தாயே, பிள்ளையை வளர்க்கத் தெரியாதவர் என்று. அது மார்கரெட் இல்லை, நான்தான்.

'கட்சி இல்லாத தேர்தல்' என்று நீ ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூடக் குழுத் தேர்தலில் வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, அதனால் சண்டை சச்சரவு இருக்காது என்றாய். நான் அப்போதே மனசுக்குள் சிரித்தேன். இங்கே ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கத்தரிக்கோல், ஆட்டோ என்று எதையாவது கொடுப்பார்கள். ஆனாலும் எந்தப் பூட்டுக்குப் பின்னால் எந்தக் கொடி இருக்கிறது என்று எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். சீட்டில் பெயர் இல்லாவிட்டால் கட்சி இல்லை என்று ஆகிவிடாது. செய்ததற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். உன் கட்சி அலுவலகத்தில் போய் அந்த அட்டையை யார் அனுப்பினார்கள் என்று மார்கரெட் கேட்டிருந்தால், 'இது கட்சி இல்லாத தேர்தல், எங்களுக்குத் தெரியாது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அங்கே இருந்த ஆறு மாதத்தில், குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் காரில் உன் நாட்டுக் கட்சிகளின் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். ஞாபகம் இருக்கிறதா? நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். உங்கள் அரசியல் சட்டத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது என்றாய். நாட்டை உண்டாக்கியவர்களுக்குக் கட்சி என்றாலே பயம், அது ஜனங்களைப் பிரித்துவிடும் என்று எச்சரித்தார்கள், எச்சரித்த அதே தலைமுறை கண் மூடுவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் பத்திரிகையில் கிழித்துக்கொண்டது என்றாய். ஒரு காலத்தில் வாக்குச் சீட்டையே கட்சிகள்தான் அச்சடித்துக் கொடுத்தன, ஆளுக்கொரு நிறத்தில், பெட்டியில் போடும்போதே நீ எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றாய். கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளைத் தேடிப் போய், குளிருக்கு நிலக்கரி கொடுத்து, வேலை வாங்கித் தந்து, சாவு வீட்டில் முன்னால் நின்று, பதிலுக்கு ஓட்டை வாங்கிக்கொண்ட கட்சியின் வார்டு ஆட்களைப் பற்றிச் சொன்னாய். அவர்களை நீ திருடர்கள் என்றாய். நான் அப்படி நினைக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தார்கள் இல்லையா? நான் அதைக்கூடச் செய்யாதவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கட்சிகளும் இடம் மாறிய கதைதான் எனக்கு மறக்கவே இல்லை. அடிமைகளை விடுவித்த கட்சி ஒன்று, அடிமைத்தனத்துக்குத் துணை நின்ற கட்சி ஒன்று. நூறு வருஷத்தில் விடுவிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், சின்னங்களான யானையும் கழுதையும் மட்டும் அப்படியே இருக்கின்றன என்றாய். அந்த இரண்டில் நீ எது என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டியதில்லை. எதுவாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். இன்னொரு நாள் நான் கேட்டேன், "உங்க ஊர்ல கட்சி சொன்னதுக்கு எதிரா ஓட்டுப் போட்டா எம்.எல்.ஏ., எம்.பி. பதவி போயிடாதா?" என்று. "இங்க அப்படிச் சட்டமே இல்லம்மா. யாரு எப்படி வேணாலும் போடலாம். முன்னெல்லாம் மாத்திப் போடுவாங்க. இப்ப யாரும் போடறதில்ல" என்றாய். சட்டம் கட்டிப்போடாத கையை அவர்களே கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. என் கையையும் யாரும் கட்டவில்லை.

கட்சியை நான் குறை சொல்வதாக நினைக்காதே. கட்சி இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் குடவாசல் பக்கத்து வரப்பில் தலையைக் குனிந்து நின்றிருப்பேன். பத்தாவதோடு நின்ற என் படிப்பை நீட்டி விட்டது நம் தெருமுனையில் இருந்த கட்சிப் படிப்பகம்தான். பேப்பர் வாசித்து, கூட்டத்தில் பேசப் பழகி, கூலி கேட்டுப் பண்ணை வாசலில் நின்று, கடைசியில் அதே பண்ணைக்காரர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். தனி ஆளாகக் கேட்டால் யாரும் காதில் வாங்காததைச் சேர்ந்து கேட்க வைத்தது கட்சி. அதனால்தான் அது கெட்டுப்போகும்போது இவ்வளவு கெடுதல் செய்கிறது. நாம் அதற்குக் கொடுத்தது வெறும் ஓட்டு இல்லை.

இப்போது அஞ்சம்மாளின் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் "அஞ்சு சித்தி எப்படி இருக்காங்க?" என்று கேட்பாய். நன்றாக இருக்கிறாள் என்பேன். எதிர் வீட்டில் இருந்தவள், என்னோடு ஒரே நிரையில் நடவு நட்டவள் என்று உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நீ பிறந்து இரண்டாம் வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அவளுக்குச் செல்வி பிறந்து மூன்று மாதம். இரண்டு பேருக்கும் அவள்தான் பால் கொடுத்தாள், ஒரு மாதத்துக்கு மேல். முதலில் உனக்கு, மிச்சம்தான் செல்விக்கு. "பொம்பளப் புள்ள தாங்கிக்கும், இவன் அழுவுறான்" என்பாள். இதை நான் உன்னிடம் சொல்லாமல் மறைத்தது பின்னால் அவளுக்கு நான் செய்ததால்தான்.

அவள் புருஷன் கலியபெருமாள் எனக்கு முன்பிருந்தே கட்சியில் இருந்தவர். கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவரே அவர்தான். ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, தெருவே அஞ்சம்மாளைத்தான் நிறுத்துவார்கள் என்று நினைத்தது. ஒன்றியச் செயலாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் படித்தவள் என்று வெளியில் சொன்னார். சொன்னதைக் கேட்பேன் என்பதுதான் காரணம், அது எனக்கும் தெரியும். கலியபெருமாள் கோபித்துக்கொண்டு அடுத்த கட்சிக்குப் போனார். அஞ்சம்மாள் என்னை எதிர்த்து நின்றாள். என் பூட்டு சாவிக்கும் அவள் கத்தரிக்கோலுக்கும் நடந்த சண்டையில் நான் ஜெயித்தேன். அன்றோடு எதிர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பேச்சு நின்றது. இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் கோலம் போட்டுவிட்டு, நிமிராமல் உள்ளே போவோம்.

அடுத்த வருஷம் புயலில் பாதித் தெரு விழுந்தது. அவளுடைய கூரை பறந்து, மண் சுவர் மட்டும் ஊறிப்போய் நின்றது. காங்கிரீட் வீடு கட்டித் தர ஒரு திட்டம் வந்தது. பட்டியல் தயாரிக்கிற பொறுப்பு என் தலையில். யாரைக் கேட்டாலும் அவளுக்குத்தான் முதல் வீடு என்று சொல்லியிருப்பார்கள். நான் அவள் பெயரை அடித்தேன். ஒன்றியச் செயலாளர் வந்து "அந்தம்மா பேரை எடுத்துடுங்க, அவங்க கட்சிக்காரங்க கட்டிக் கொடுக்கட்டும்" என்று சொன்னது உண்மை. அவர் சொல்லித்தான் அடித்தேன் என்று ஊரிலும் சொன்னேன், என் மனசுக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் வந்தது வெள்ளிக்கிழமை. நான் வியாழக்கிழமையே அடித்திருந்தேன்.

கிராம சபைக் கூட்டத்தில் பட்டியலைப் படித்தார்கள். அஞ்சம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தலைவரே, எங்க வீடு விட்டுப்போயிருக்குங்க" என்றாள். பக்கத்தில் படுத்து, என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள், என்னைப் பார்த்து 'ங்க' போட்டுப் பேசினாள். நான் மைக்கை வாங்கி, "கத்தரிக்கோலை வச்சு வெட்டி ஒட்டிக்கங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். அந்த அட்டை வாசகத்தைச் சொல்லிவிட்டு நீ போனில் சிரித்தாயே, அப்போது எனக்குக் கேட்டது என் சிரிப்புதான்.

அந்த ஐப்பசி மழையில், பகல் பதினோரு மணிக்கு, அவள் வீட்டுச் சுவர் சரிந்தது. கலியபெருமாள் அதன் கீழே இருந்தார். வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். எதிர் வீட்டிலிருந்து அவர் முனகுவது எனக்குக் கேட்கும். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். அவர் செத்தபோது உடம்பின் மேல் அந்தக் கட்சிக் கொடி கிடந்தது. நான் போனால் போட்டோ எடுத்துப் போடுவார்கள், கட்சியில் பேச்சு வரும் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். எதிர் வாசலில் பறை அடித்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். நீ போனில் அழுதாய். "நீ மாலை போட்டியாம்மா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். அப்பேர்ப்பட்டவளைத்தான் வீடியோவில் பேசச் சொல்கிறாய்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. பதவிக்காலம் முடிந்தது. அடுத்த முறை கட்சி என்னை மறந்தது. பேர் அடிக்கச் சொன்ன ஒன்றியச் செயலாளர் ஒரு நாள் மேடையேறி, சால்வை போட்டுக்கொண்டு, கலியபெருமாளின் கட்சிக்கே போய்விட்டார். இப்போது அங்கே அவருக்குப் பெரிய பொறுப்பு. வருஷா வருஷம் அஞ்சம்மாள் வீட்டுக்கு வந்து, கலியபெருமாள் படத்துக்கு மாலை போட்டு, 'தியாகி' என்று பேசிவிட்டுப் போகிறார். உங்கள் நாட்டில் இடம் மாற நூறு வருஷம் ஆயிற்று என்றாய். இங்கே ஒரு சால்வை போதுமானதாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் யாருக்காகக் கோலத்தைப் பார்த்தபடி உள்ளே போனோமோ, அவர்கள் எல்லாரும் இன்று ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள்தான் அப்படியே நிற்கிறோம்.

வீடியோவை அணைத்த மறுநாள் பஸ் ஏறி அஞ்சம்மாளைப் பார்க்கப் போனேன். இப்போது குடவாசலில் செல்வியோடு இருக்கிறாள். செல்விதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் "வாங்க" என்றாள். அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உக்காரு" என்றாள். செல்வி டீ போட உள்ளே போனாள்.

"இளங்கோ எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"அங்க ஒரு எலெக்ஷன்ல ஜெயிச்சிருக்கான்."

"யாரை எதுத்து?"

"பக்கத்து வீட்டுக்காரியை."

கீரை ஆய்ந்த கை நிற்கவில்லை. "உன் புள்ளதான்" என்றாள்.

நான் போன காரியத்தைச் சொன்னேன். "அஞ்சம்மா, ஒன்றியம் சொல்லி அடிக்கல. உன் பேரை அடிச்சது நானாத்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பட்டியலைச் செல்வி ஆபீஸ்ல பாத்தா. அடிச்ச மத்த பேருக்கெல்லாம் ஒத்தக் கோடு. என் பேரு மட்டும் எழுத்தே தெரியாம கிறுக்கிக் கிடந்துச்சாம். ஒன்றியத்துக்கு என் மேல என்ன அவ்வளவு ஆத்திரம்? உனக்குத்தான் இருந்துச்சு."

செல்வி டீயை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். "ரெண்டு வார்த்தை திட்டிடு அஞ்சம்மா. நாலு பேர் பாக்க வேணும்னாலும் திட்டு" என்றேன்.

அவள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "திட்ட மாட்டேன். திட்டினா நீ அழுவே. அழுதுட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவே. அந்தத் தூக்கத்தை நான் ஏன் உனக்குக் குடுக்கணும்? டீயைக் குடி, ஆறுது."

குடித்தேன். அதற்குப் பிறகு அவள் கீரை விலை, மேட்டூர் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று சாதாரணமாகப் பேசினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செல்வி வழி காட்டிக்கொண்டு வந்தாள். ஏறும்போது, "இனிமே வராதீங்க பெரியம்மா. நீங்க வந்து போனா அம்மா ரெண்டு நாளைக்குச் சாப்பிடாது" என்றாள். அந்தப் பெண்ணுக்கு உரிய பாலைத்தான் நீ குடித்தாய்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். பதவி ஏற்றுக்கொள். ராஜினாமா செய்து நல்லவன் பேர் வாங்கிக்கொள்ள நினைக்காதே, அதுவும் ஒரு பிரசாரம்தான். மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றினால், அது அவளுக்காகவா உன் தூக்கத்துக்காகவா என்று வாசலிலேயே நின்று யோசி. உனக்காக என்றால் திரும்பி வந்துவிடு. அவளுக்காகச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவள் மகன் கதையை அவர்களுக்குச் சொன்னது நீ என்றும், அந்த வாசகம் உன்னுடையது என்றும், அட்டை போன அத்தனை வீட்டுக்கும் உன் கையெழுத்தோடு எழுதி அனுப்பு. கட்சி உன்னைக் கைவிடும். அடுத்த தேர்தலில் தோற்பாய். அவள் உன்னோடு பேச மாட்டாள், நீ பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உன் பெரிய பெண் ஏன் என்று கேட்பாள், அவளிடமும் நீதான் சொல்ல வேண்டும். நான் உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் நீயும் என்னைப் போலவே ஆகிவிட்டாய்.

நீ இதைச் செய்வாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நான் செய்திருக்க மாட்டேன்.

குளிர் அதிகமாக இருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அம்மா